மேல்வயலில் படுத்திருந்தவள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் ஹெட்லி ஸ்டர்ஜனின் வயலோரத்தில் பதினேழு கார்கள் வரிசைகட்டி நின்றுவிட்டன. கோதுமை அறுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அரிதாள் பனியில் நனைந்து பழுப்பும் வெள்ளியுமாகக் கிடந்தது. வந்தவர்கள் காரின் பின்கதவைத் திறந்து வைத்து, ஒற்றைக்காலில் தள்ளாடியபடி ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ கொண்டுவந்த சின்ன கேஸ் அடுப்பில் பன்றியிறைச்சித் துண்டுகள் சொய்யென்று வறுபட, அந்த வாசனைக்கு உலோகம் தேடும் டிடெக்டர்களைப் போட்டுவிட்டுப் பாதிப் பேர் அங்கே கூடிவிட்டார்கள்.

பழம்பொருள் தேடும் சங்கத்தின் செயலாளர் மாரீன் ஒரு தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். எழுபது வயது. குரல் மட்டும் முப்பதில் நின்றுவிட்டிருந்தது.

"எல்லாரும் வாயில இருக்கிறத முழுங்கிட்டுக் கேளுங்க. குழி தோண்டினா மூடணும். குப்பை கிடைச்சாலும் பையில போட்டு எடுத்துட்டு வரணும், திரும்ப வயல்ல வீசக் கூடாது. பழசா எது கிடைச்சாலும் என்கிட்டயும் ஹெட்லிகிட்டயும் காட்டணும். தங்கம், வெள்ளின்னா அரசாங்கத்துக்குச் சொல்லணும். எலும்பு தெரிஞ்சா அந்த நிமிஷமே கைய எடுத்துடணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்!" என்றது கூட்டம்.

"ட்ரெவர், நீ என்ன சிரிப்பு? உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"எனக்கெல்லாம் மனப்பாடம் மாரீன். தூக்கத்துல கேட்டாலும் ஒப்பிப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ட்ரெவர் கேட்ச்போல் என்றால் அந்தச் சங்கத்தில் தனி மரியாதை. வீடு வீடாகப் போய்த் துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவன் தொழில். இயந்திரம் சுற்றும் ஓசையை வைத்தே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அந்தக் காது வயலிலும் அவனுக்குக் கைகொடுத்தது. மண்ணுக்கடியில் கிடப்பது இரும்பா, செம்பா, தகரமா என்று டிடெக்டரின் முனகலை வைத்தே சொல்வான். யாருக்குச் சந்தேகம் வந்தாலும், "ட்ரெவர், வந்து ஒரு தடவை கேட்டுட்டுப் போ" என்று கூப்பிடுவார்கள். அவன் சொன்னால் அதுதான் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு சொல்கிறவன் மனத்தில் இரண்டு வருடமாக ஒரு கள்ளம் இருந்தது.

இதே ஹெட்லியின் மேல்வயல். இதே செப்டம்பர். மாலை கவிந்து தூறல் விழுந்துகொண்டிருந்தபோது வேலியோர மூலையில் அவனுக்கு ஒரு சத்தம் கிடைத்தது. மற்றவர்கள் மழைக்குப் பயந்து காருக்கு ஓடிவிட்டார்கள். அவன் அவசர அவசரமாக மண்வாரியை இறக்கினான். ஏதோ நறுக்கென்றது. வேராக இருக்கும் என்று நினைத்தான். கையை விட்டுத் துழாவியபோது உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளி வில்லை வந்தது. பின்பக்கம் ஊசி. முன்பக்கம் பொன்முலாம் பூசி, ஒன்றையொன்று துரத்தும் விலங்குகளைச் செதுக்கியிருந்தார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதர்கள் மேலாடையைத் தோளில் பிணைக்கக் குத்திக்கொள்வது. வேறொருவனாயிருந்தால் துள்ளிக் குதித்துச் சங்கத்தையே கூப்பிட்டிருப்பான். ட்ரெவர் அதைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு கீழே வந்தான்.

"என்ன ட்ரெவர், இன்னைக்கு என் வயல் ஏதாவது குடுத்துச்சா?" என்று கேட்டார் ஹெட்லி. எல்லாருக்கும் போல அவனுக்கும் ஒரு கோப்பை டீயை நீட்டினார்.

"எங்க ஹெட்லி! ரெண்டு பட்டனும் ஒரு தோட்டா மூடியும்தான்."

எதையும் கேட்காமல் வாங்கிக்கொள்ளும் ஓர் ஆளுக்கு அதை விற்றான். அது அவன் வீட்டில் குளியலறைக்குப் புது ஓடுகளாக மாறியது. தன்னைத் திருடன் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. 'நான் எடுக்காவிட்டால் கலப்பை உடைத்திருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கொஞ்ச நாளில் அதையும் சொல்லத் தேவையில்லாமல் போனது.

ஆனால் ஒருநாள் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது ஏதோ ஒரு பத்திரிகையைப் புரட்டினான். அந்தக் காலத்துப் பெண்கள் இவ்வகை வில்லைகளை ஜோடியாக, தோளுக்கு ஒன்றாக அணிவார்கள் என்று அதில் எழுதியிருந்தது. அன்றிலிருந்து அவனுக்கு இன்னொன்றின் நினைப்புதான். போன வருடம் மேல்வயலில் பீட்ரூட் போட்டு யாரையும் விடவில்லை. இன்றைக்குத்தான் திறந்திருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் அவன் அணிந்துகொண்ட காலுறை நீளமானது.

"ட்ரெவர், ஒரு நிமிஷம்" என்றாள் மாரீன். அவள் பக்கத்தில் நாற்பது வயதுக்குள் மதிக்கத்தக்க ஒருத்தி, பளபளக்கும் புது பூட்ஸோடும் யாரோ விற்ற பழைய டிடெக்டரோடும் நின்றிருந்தாள். "இது ரோவெனா. பல் டாக்டர்கிட்ட உதவியாளரா இருக்காங்க. மூணாவது தடவையா வர்றாங்க. இன்னைக்கு உன்கூட வரட்டும். உன் காதுல பாதிய இவங்களுக்குக் குடு."

இன்றைக்கு அவனுக்குத் தனியாகப் போக வேண்டியிருந்தது. மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

"வாங்க, வாங்க" என்றான்.

மேல்வயலுக்கு ஏறும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். "போன தடவை எனக்கு ஒரு ஸ்பூன் கிடைச்சுதுங்க. ரோமானியர் காலத்து ஸ்பூன்னு நெனச்சுத் துணில சுத்தி எடுத்துட்டுப் போனேன். கழுவிப் பாத்தா பின்னாடி ஏதோ ஓட்டல் பேரு!"

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்."

"நீங்க பெருசா எதாவது கண்டுபுடிச்சிருக்கீங்களா?"

"சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்ல" என்றான் ட்ரெவர், பார்வையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு.

வயலின் கீழ்க்கோடியில், குட்டைப் பக்கம் அவளை நிறுத்தினான். "இங்கதான் நல்லா கிடைக்கும். அந்த வேலியோரம் வேணாம், வெறும் குப்பை." அப்படிச் சொல்லிவிட்டு அவன் மட்டும் மூலைக்குப் போனான். அங்கே போனதும்தான் தெரிந்தது, வேலியை ஹெட்லி இயந்திரம் வைத்து ஒட்ட வெட்டியிருந்தார். அவன் அடையாளம் வைத்திருந்த முட்புதரைக் காணோம். பத்தடி இப்படி, பத்தடி அப்படி என்று டிடெக்டரின் தட்டை வீசிக்கொண்டே நடந்தான். அது ஒருதடவைகூட முனகவில்லை.

முக்கால் மணி நேரம் போயிருக்கும்.

"ட்ரெவர்! இத கொஞ்சம் கேளுங்களேன்!"

திடுக்கிட்டுத் திரும்பினான். ரோவெனா மெல்ல மெல்ல நகர்ந்து வேலிக்கே வந்துவிட்டிருந்தாள். அவன் தேடிய இடத்திலிருந்து ஆறேழு எட்டு தள்ளி நின்றிருந்தாள். ஹெட்ஃபோனைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். அவன் மாட்டிக்கொண்டு தட்டை மெதுவாக வீசினான்.

அடடா, அந்தச் சத்தம்! எந்தப் பக்கமிருந்து வீசினாலும் பிசிறில்லாமல், உருண்டையாக, ஒரே அளவில் எழுந்தது. இரண்டு வருடத்துக்கு முன் தூறலில் கேட்ட அதே சத்தம்.

"என்னங்க அது?"

ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொடுத்தான். முகத்தில் எதையும் காட்டாமல், "தகர டப்பா" என்றான். "டிராக்டர் ஓட்டறவன் எவனாவது குடிச்சிட்டுப் போட்டிருப்பான். விட்டுட்டு அந்தப் பக்கம் போங்க."

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் இறங்கியதும் திரும்பி வந்துவிடலாம் என்பது அவன் கணக்கு. ரோவெனாவும் தலையாட்டிவிட்டு நாலடி நடந்தாள். பிறகு நின்றாள்.

"டப்பான்னாலும் குப்பைதானேங்க? குப்பையையும் எடுக்கணும்னு மாரீன் சொன்னாங்களே. எனக்கும் தோண்டிப் பழகின மாதிரி இருக்கும்."

ஒரு பெண் குப்பை பொறுக்குகிறேன் என்றால் எந்த வாயால் வேண்டாம் என்பது?

அவள் மண்டியிட்டாள். புதியவள் என்பதால் பயந்து பயந்து, மண்ணைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்தாள். ஒரு சாண் போனதும் அவள் கை நின்றது. சுண்ணாம்பு கலந்த வெளிர்மண்ணுக்குள் மஞ்சளாக ஏதோ மின்னியது. அவள் குனிந்து மெல்ல ஊதினாள். மண் பறந்தது. ஒரு விலங்கின் கண், அதன் வளைந்த கழுத்து, அதைத் துரத்தும் இன்னொரு வாய் தெரிந்தன. நேற்றுச் செய்து வைத்ததுபோல் பொன் அப்படியே இருந்தது.

"கடவுளே" என்றாள் ரோவெனா. அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

"எடுங்க, எடுங்க" என்றான் ட்ரெவர், பதற்றத்தில் குனிந்தபடி.

"இருங்க. இதுக்குக் கீழ என்னமோ..." விரல் நுனியால் அவள் மண்ணை ஒதுக்கினாள். பழுப்பு வெள்ளையில், மெலிதாக வளைந்து ஒன்று தெரிந்தது. "ட்ரெவர், இது எலும்பு."

"மாட்டெலும்பா இருக்கும். பண்ணைன்னா மாடு புதைக்கறதுதான். அத எடுத்துட்டு மூடிடுங்க. கிடைச்சது உங்களுக்கு, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

ரோவெனா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. புரியாமல்தான் பார்த்தாள்.

"மாட்டுக்கு யாருங்க நகை போட்டுப் புதைப்பாங்க?"

பிறகு எழுந்து, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, வயலே அதிரும்படி கூப்பிட்டாள். "மாரீன்! எல்லாரும் வாங்க!"

வந்தார்கள். ஓடி வந்தவர்கள்கூடப் பத்தடி தூரத்தில் தாமாகவே நடை குறைந்து, குழியைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். ஒவ்வொருவர் காதிலும் கிடந்த ஹெட்ஃபோன் கழுத்துக்கு இறங்கியது. எங்கோ உயரத்தில் ஒரு வானம்பாடி மட்டும் விடாமல் பாடிக்கொண்டிருந்தது. பழைய ஜீப்பில் ஏறிவந்த ஹெட்லி குழியை எட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அதைப் பார்த்து மற்ற ஆண்களும் கழற்றினார்கள். ட்ரெவரும்.

"நாலு தலைமுறையா இவங்க தலைமேலயே உழுதிருக்கோம்" என்றார் ஹெட்லி மெதுவாக. "எங்க அப்பா இந்த மூலையிலதான் உக்காந்து சாப்பிடுவாரு."

மாரீன் போலீசுக்கும், மாவட்டத் தொல்பொருள் அலுவலர் பிலிப்பாவுக்கும் போன் செய்தாள். முதலில் வந்தது ஓர் இளம் கான்ஸ்டபிள். குழியைப் பார்த்தார். வில்லையைப் பார்த்தார். "இவங்க கேஸுக்கு நான் கொஞ்சம் லேட்டா வந்துட்டேன் போல" என்று சொல்லிவிட்டு, யாரும் சிரிக்காததைக் கண்டு தானும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பிலிப்பா தோட்ட வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தாள். முழங்காலில் வீட்டுத் தோட்டத்து மண் அப்படியே இருந்தது. எங்கெங்கோ போனில் பேசி, அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் திறந்து பார்க்க அனுமதி வாங்கினாள். பிறகு சின்னக் கரணையும் தூரிகையுமாகக் குப்புறப் படுத்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் யாரும் நகரவில்லை.

மண் கொஞ்சம் கொஞ்சமாக விலக, அங்கே ஒருத்தி வந்தாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். முதலில் வலத்தோள், அதன்மேல் வில்லை. பிறகு கழுத்தோரம் தேன்நிறத்தில், கல்லாய் இறுகிய மரப்பிசினான அம்பர் மணிகள், கோத்த நூல் மக்கிப்போன பின்னும் வரிசை கலையாமல் ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு தாடை. முகம் இலேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது, அங்கே எதையோ பார்த்துக்கொண்டிருப்பவள்போல.

"ஆயிரத்து நானூறு வருஷம் இருக்கும்" என்றாள் பிலிப்பா. "இந்த ஊருக்குப் பேரே வர்றதுக்கு முன்னாடி."

யாரோ ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

பிலிப்பாவின் கரணை இடப்பக்கம் நகர்ந்தது. சட்டென்று நின்றது. அங்கே மண் வேறு மாதிரி இருந்தது. பொலபொலவென்று உதிர்ந்தது. மணிவரிசை கழுத்துக்கு நடுவோடு அறுந்துபோயிருந்தது. இடத்தோள் எலும்பு குறுக்கே வெட்டுப்பட்டு, துண்டு ஒன்று புரண்டு கிடந்தது. வெட்டுவாய் நேராக, பளிச்சென்று தெரிந்தது.

"இங்க யாரோ முன்னாடியே தோண்டியிருக்காங்க" என்றாள். "ரொம்ப நாள் இல்ல. ரெண்டு, மூணு வருஷம். மண்வாரிய நேரா அவங்க மேலயே இறக்கியிருக்காங்க. இந்தத் தோள்லயும் ஒரு வில்லை இருந்திருக்கணும்."

"ராத்திரித் திருடனுங்க" என்றார் ஹெட்லி.

"நம்ம ஆளுங்க யாரும் இத செய்ய மாட்டாங்க ஹெட்லி" என்றாள் மாரீன். "ஒவ்வொருத்தருக்கும் நான் பொறுப்பு."

நறுக்கென்ற அந்தச் சத்தம் ட்ரெவரின் காதில் கேட்டது. எந்த ஓசையையும் மறக்காத காது. வேர் என்று நினைத்தானே, அது வேரில்லை.

பிலிப்பா உதிர்மண்ணை ஒரு தட்டில் அள்ளி வைத்தாள். ரோவெனா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் தொடலாமா?" என்று கேட்டாள். பிலிப்பா தலையசைத்ததும், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய, வெள்ளையான ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் புரட்டினாள்.

"இது கல்லு இல்லைங்க. பால்பல். கடைவாய்ப் பல்லு, இன்னும் முழுசா வளரல. ஒரு வயசு இருக்கும், இல்ல ஒண்ணேகால். தினமும் எக்ஸ்ரேல பாக்கறேன், எனக்குத் தெரியும்."

"குழந்தையா?" என்றாள் மாரீன்.

"ஆனா எங்க படுத்திருந்துச்சுன்னு இனிமே சொல்ல முடியாது" என்றாள் பிலிப்பா. "குழந்தை எலும்பு சீக்கிரம் கரைஞ்சிடும். பல்லு மட்டும்தான் மிஞ்சும். அது கிடந்த இடத்த வெச்சுத்தான் எதையும் சொல்ல முடியும். இங்கதான் எல்லாமே கலைஞ்சு கிடக்கே. காலடியில வெச்சாங்களா, பக்கத்துல வெச்சாங்களா, இல்ல இந்த மண்ணுக்கே எங்கேருந்தோ வந்துச்சா... தோண்டினவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

ட்ரெவர் தன் வலதுகைக் கட்டைவிரலைப் பார்த்தான். அன்றைக்கு வில்லையைத் திருப்பியபோது அதன் பின்பக்கம் மண்கட்டி ஒட்டியிருந்தது. அந்த மண்ணில் நாலைந்து வெள்ளைப் பொடிக்கற்கள் நெருக்கமாக, பிறைபோல் வளைந்து பதிந்திருந்தன. அவற்றை இந்த விரலால்தான் வழித்துக் குழிக்குள் தட்டிவிட்டான்.

ஓடிவிடலாம் என்று தோன்றியது. யாருக்கும் தெரியாது. மாரீனே பொறுப்பேற்றுக்கொண்டுவிட்டாள். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் சாய்ந்திருந்த பக்கத்தை அவன் இன்னொரு தடவை பார்த்தான். ஆயிரத்து நானூறு வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்னவென்று இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"தோள்ல" என்றான்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"குழந்தையோட தலை அவங்க தோள்ல இருந்துச்சு. இடத்தோள்ல. வில்லைக்கு அடியிலயே பல்லு வரிசையா ஒட்டியிருந்துச்சு. நான் கல்லுன்னு நெனச்சுத் தட்டிவிட்டுட்டேன்." குழியின் இடப்பக்கத்தைக் காட்டினான். "நான்தான் எடுத்தேன். வேற யாரும் இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி, நம்ம சங்கத்தோட வந்தன்னிக்கு."

ஹெட்லி அவன் எதிரே வந்து நின்றார்.

"எடுத்தத விடு ட்ரெவர். அது போச்சு. என் வயல்ல நின்னு, என் டீயக் குடிச்சிட்டு, என் மூஞ்சியப் பாத்து 'ரெண்டு பட்டன்தான்'னு சொன்ன பாரு. அத நான் எங்க போய் வெச்சுக்கறது?"

ட்ரெவரால் நிமிர முடியவில்லை. ஹெட்லி தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்துவிட்டார்.

பிலிப்பா அவனைத் திட்டவில்லை. குறிப்பேட்டைத் திறந்தாள். "உக்காருங்க. மறக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சொல்லுங்க. எவ்வளவு ஆழம்? ஊசி எந்தப் பக்கம் பாத்துச்சு? பல்லு மேல்வரிசையா கீழ்வரிசையா, வளைவு எந்தத் திசையில? வில்லைய எங்க குடுத்தீங்க?" அவன் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. காதைப்போலவே அவன் கையும் எதையும் மறந்திருக்கவில்லை. அவன் சொல்லச் சொல்ல அவள் வரைந்தாள். தாளில் ஒரு தாயின் கோடு எழுந்தது. அவள் தோளில் கவிழ்ந்த ஒரு சின்னத் தலையும் வந்தது. சுற்றி நின்றவர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டி அந்தத் தாளைப் பார்த்தார்கள்.

"ஒண்ணா தூங்கற மாதிரி வெச்சிருக்காங்க" என்றாள் ரோவெனா.

அன்று பொழுது சாயும்வரை ட்ரெவர் முட்டிபோட்டு அந்த உதிர்மண்ணைச் சல்லடையில் சலித்தான். யாரும் அவனிடம் பேசவில்லை. ரோவெனா மட்டும் எதிரே உட்கார்ந்து இன்னொரு சல்லடையைப் பிடித்திருந்தாள். பல் ஒன்று அகப்படும்போதெல்லாம் இருவரும் அதைத் தட்டில் வைக்கும் நிதானத்தைப் பார்த்தால், தூங்கும் குழந்தை விழித்துவிடும் என்று பயந்தவர்கள் மாதிரி இருந்தது.

பிறகு நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. போலீசில் வாக்குமூலம் கொடுத்தான். நீதிமன்றத்தில் தண்டம் விதித்தார்கள். சங்கம் அவன் பெயரை அடித்தது. மனைவியிடம் குளியலறை ஓடுகளின் கதையைச் சொன்னான். அவள் ஒரு வாரம் தங்கை வீட்டுக் குளியலறையில்தான் குளித்தாள். வில்லையை வாங்கியவனைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது அதற்குள் மூன்று கை மாறி, கடல் தாண்டிப் போய்விட்டிருந்தது. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

மேல்வயலில் அந்தத் தாய் தனியாகப் படுத்திருக்கவில்லை. முறையாகத் தோண்டியபோது அவளைச் சுற்றி இன்னும் பதினொரு பேர் கிடைத்தார்கள். ஒரு சின்ன ஊரே அங்கே உறங்கிக்கொண்டிருந்தது. பிலிப்பா கேட்டதால் சனிக்கிழமைதோறும் ட்ரெவர் அங்கே போய் மண் சலித்தான். ஹெட்லி அவனிடம் பேசவில்லை. மூன்றாவது மாதம், வயலைக் கடந்து போகையில் இலேசாகத் தலையசைத்தார். அவ்வளவுதான். அதற்கே ட்ரெவர் அன்று இருட்டும்வரை சல்லடையைக் கீழே வைக்கவில்லை.

அடுத்த வசந்தத்தில், நகர நூலகத்தின் மாடியிலிருக்கும் சின்ன அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழை தயாரானது. திறப்பதற்கு முதல்நாள் பிலிப்பா ரோவெனாவையும் ஹெட்லியையும் மாரீனையும் அழைத்திருந்தாள். ட்ரெவரையும்தான். அவன் கடைசியாக வந்து, பின்னால் நின்றுகொண்டான்.

விளக்கடியில் தேன்நிற மணிகள் உள்ளுக்குள் தீப்பிடித்ததுபோல் ஒளிர்ந்தன. பால்பற்கள் ஒன்பதும் ஒரு கறுப்புத் துணியில் பிறையாக வைக்கப்பட்டிருந்தன. வலத்தோள் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பொன்வில்லை. இடத்தோள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி. அதன் கீழே ஓர் அட்டை: 'இதன் இணை காணவில்லை.'

ட்ரெவர் அதை இரண்டு தடவை படித்தான். முன்னால் வந்தான்.

"பிலிப்பா, இத மாத்தி எழுதணும். அது தானா காணாமப் போகல. 'திருடப்பட்டது'ன்னு போடுங்க."

"பாக்க வர்றவங்க யாரு, எவன்னு கேப்பாங்களே ட்ரெவர். சின்ன ஊரு. எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றாள் பிலிப்பா தயக்கத்துடன்.

"கேக்கட்டும். என் பேரச் சொல்லுங்க. ஒரு குழந்தை அம்மா தோள்ல தூங்கிட்டிருந்துச்சு. அத இந்த உலகத்துக்கு யாரும் சொல்ல முடியாமப் போக இருந்தது." அவன் அந்த வெறும் இடத்தைப் பார்த்தபடியே சொன்னான். "யாருக்கும் தெரியாம எடுத்தா யாருக்கும் நஷ்டமில்லன்னு நெனச்சுட்டிருந்தேன். மண்ணுக்குள்ள இருக்கறது நம்ம எல்லாருக்கும் பொதுச்சொத்து. அத மறைச்சு எடுக்கறவன் செத்தவங்ககிட்டயும் திருடறான், இனிமே பொறக்கப் போறவங்ககிட்டயும் திருடறான். யாருக்கும் தெரியாமப் போகுது பாருங்க, அதுதான் நஷ்டமே."

பிலிப்பா அட்டையை வெளியே எடுத்தாள். ஹெட்லி தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி அவளிடம் நீட்டினார்.